விரும்பப்படுவதும் விரும்பத்தக்கதும்

ரசிகர் வாக்கினால் தீர்மானிக்கப்படும் விளையாட்டு விருதுகள் மேலோட்டமாகப் பார்ப்போருக்குப் பொழுதுபோக்கின் ஓர் அங்கமாகவே தோன்றினாலும், மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று அவற்றினுள் ஒளிந்திருக்கிறது. ஒரு நாட்டின் டென்னிஸ் சங்கமோ பன்னாட்டு அமைப்போ 'இம்மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர்' என்றொரு பட்டத்தை அறிவித்து, அதற்குரியவரைத் தெரிவு செய்யும் உரிமையைப் பொதுமக்களிடம் ஒப்படைக்கும்போது, இருவேறு செயல்கள் ஒரே பெயருக்குள் அடைக்கப்படுகின்றன. 'சிறந்தவர்' என்னும் சொல், கண்டறியப்பட வேண்டிய உண்மை ஒன்று வாக்கெடுப்புக்கு முன்னரே இருப்பதாக உணர்த்துகிறது. 'வாக்கு' என்னும் சொல்லோ, அளிப்போரின் விருப்பத்தினாலேயே ஒன்று புதிதாக உண்டாவதாக உணர்த்துகிறது. கண்டறிதலும் உண்டாக்குதலும் வெவ்வேறு செயல்கள் என்பதை எவரும் மறுக்கமாட்டார். எனினும் விருது மேடையில் அவ்வேறுபாட்டை எவரும் எழுப்புவதுமில்லை.

இவ்வினாவை முதன்முதலில் கூர்மையாக எழுப்பிய நூல் பிளேட்டோவின் 'யூதிப்ரோ' என்னும் உரையாடல் ஆகும். கி.மு. 399-ல் தன்மீது தொடுக்கப்பட்ட வழக்கின் பொருட்டு ஏதென்ஸ் நகரின் மன்றத்துக்கு வரும் சாக்ரடீஸ், கூலியாள் ஒருவனின் சாவுக்குக் காரணமானார் என்று பெற்ற தந்தையின்மீதே வழக்குத் தொடுக்க வந்திருக்கும் யூதிப்ரோவை அங்குச் சந்திக்கிறார். தான் செய்வது தெய்வங்களுக்கு உகந்த செயல் என்பதில் யூதிப்ரோவுக்கு ஐயமே இல்லை. சாக்ரடீஸின் கேள்வியோ வேறு: ஒரு செயல் புனிதமானதாக இருப்பதனால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, அல்லது தெய்வங்கள் விரும்புவதனால் அது புனிதமாகிறதா? முதலாவது சரியென்றால் புனிதத்தின் இலக்கணம் தெய்வங்களின் விருப்பத்துக்கு வெளியே இருந்தாக வேண்டும். இரண்டாவது சரியென்றால் அவை எதை விரும்பினாலும் அது புனிதமே, விரும்புவதற்குக் காரணம் கேட்க இடமில்லை. தெய்வங்களின் இடத்தில் ரசிகர்களை வைத்துப் பார்த்தால், விருதின் சிக்கல் முழுவதும் இக்கேள்விக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம். கிரேக்கத் தெய்வங்கள் தம்முள் ஓயாது பூசலிட்டுக்கொள்பவை என்பதால், ஒன்றுக்கு உகந்தது மற்றொன்றுக்கு உவர்ப்பாகும் என்பதையும் சாக்ரடீஸ் அவ்வுரையாடலில் சுட்டிக்காட்டுகிறார். ரசிகர்களின் பூசலோ அதனினும் பெரிது. அதைத் தீர்க்கவே எண்ணிக்கை என்னும் கருவி கொண்டுவரப்படுகிறது.

கருத்தளவில் மட்டும் நின்றுவிடாமல் ஆராய்வதற்கு, 2020-ஆம் ஆண்டின் ஃபெட் கோப்பை 'இதய விருது' பொருத்தமான சான்றாகும். ஃபெட் கோப்பை என்பது மகளிர் டென்னிஸில் நாடுகள் அணிகளாக மோதும் உலகப் போட்டி. அதே ஆண்டு செப்டம்பரில் அதற்குப் பில்லி ஜீன் கிங் கோப்பை என்னும் பெயர் சூட்டப்பட்டது. தம் நாட்டுக்காகச் சிறப்புற ஆடி, களத்தில் துணிவையும் அணியின்பால் ஈடுபாட்டையும் வெளிப்படுத்தியோரைப் பாராட்டும் நோக்குடன் 2009-ல் நிறுவப்பட்ட இவ்விருதுக்குரியோரை ரசிகர்கள் இணைய வழியில் வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். 2020-ல் ஆசிய-ஓசியானிய மண்டலத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் இருவர் இடம்பெற்றனர்: ஒருவர் இந்தியாவின் சானியா மிர்சா, மற்றவர் இந்தோனேசியாவின் 16 வயதுப் பிரிஸ்கா மாடலின் நுக்ரோஹோ. மே மாதத்தின் முதல் வாரத்தில் நடந்த வாக்கெடுப்பில் பதிவான 16,985 வாக்குகளில் 10,000-க்கும் மேற்பட்டவற்றை, அதாவது ஏறத்தாழ 60 விழுக்காட்டைப் பெற்று, சானியா இவ்விருதை வென்ற முதல் இந்தியரானார்.

அவ்விருவரின் அணிகளும் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், மார்ச் மாதத்தில், துபாயில் நேருக்கு நேர் மோதியிருந்தன. ஒற்றையர் ஆட்டமொன்றில் இந்தியாவின் ருதுஜா போசலேவை நுக்ரோஹோ வென்றார். மற்றொன்றில் இந்தோனேசியாவின் அல்டிலா சுட்ஜியாடியை அங்கிதா ரெய்னா வென்றார். முடிவைத் தீர்மானித்த இரட்டையர் ஆட்டத்தில் சானியாவும் அங்கிதாவும் சேர்ந்து நுக்ரோஹோ-சுட்ஜியாடி இணையைத் தோற்கடித்தனர். இவ்வெற்றியினால் இந்திய மகளிர் அணி வரலாற்றில் முதன்முறையாக அப்போட்டியின் பிளே-ஆஃப் சுற்றில் நுழைந்தது. மகப்பேற்றுக்குப் பின் இருபது மாதங்களுக்குள் களத்துக்குத் திரும்பி, நான்கு ஆண்டு இடைவெளியின் பின் நாட்டு அணிக்காக ஆடியவர் சானியா என்பதும், ஆனால் அத்தீர்மானகரமான நாளில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் ஆடி இரண்டிலும் வென்றவர் அங்கிதா என்பதும் ஒருங்கே நினைவில் கொள்ளத்தக்கவை. அங்கிதாவின் பெயர் வாக்காளர் முன் வைக்கப்படவேயில்லை. ரசிகரின் விருப்பம் தன் வேலையைத் தொடங்குமுன்பே வேறு யாரோ அதற்கு எல்லை வகுத்துவிடுகின்றனர் என்பது இத்தகைய விருதுகளைப் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் பேசப்படாத செய்தி.

வாக்கு என்பது அறிவின் ஒரு வடிவமா என்பதை முதலில் ஆராய வேண்டும். இந்தியத் தருக்க மரபு, மெய்யறிவு எவ்வழியில் கிட்டுகிறது என்பதைப் பிரமாணம் என்னும் தலைப்பில் ஆராய்ந்தது; தமிழ்ச் சைவ சித்தாந்தம் அதனை அளவை என்று குறித்தது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பிறர் வகுத்த பலவகை அளவைகளையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. காட்சி என்பது நேரில் கண்டறிதல். கருதல் என்பது புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது போன்ற அனுமானம். உரை என்பது நம்பத்தக்கவர் சொல்லைக் கொண்டு அறிதல். அந்த நம்பத்தக்கவருக்கு நியாய மரபு இட்ட பெயர் ஆப்தன். பொருளை நேரில் உணர்ந்தவனாகவும், உணர்ந்ததை உணர்ந்தவாறே பிறருக்குச் சொல்ல விழைபவனாகவும் இருப்பவனே ஆப்தன் என்றும், முனிவராயினும் பிறநாட்டவராயினும் இவ்விலக்கணம் ஒன்றே என்றும் நியாய சூத்திரத்துக்கு உரை செய்த வாத்ஸ்யாயனர் விளக்கினார். இவ்விளக்கம் குலத்தையோ பதவியையோ பொருட்படுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இதன்படி ரசிகன் என்ற ஒரே காரணத்தால் ஒருவனைத் தள்ளவும் முடியாது, வல்லுநர் என்ற ஒரே காரணத்தால் ஒருவரை ஏற்கவும் முடியாது. ஆட்டத்தைப் பார்த்தாரா, பார்த்ததை மறைக்காமல் சொல்கிறாரா என்னும் இரண்டே கேட்கப்படும்.

இவ்விரு கேள்விகளுக்கும் விருது வாக்கெடுப்பில் விடை பெற வழியில்லை. சானியாவுக்கு வாக்களித்த பதினாயிரவரில் துபாய் ஆட்டங்களைக் கண்டோர் எத்தனை பேர் என்பதை வாக்குச்சீட்டு கேட்கவில்லை. ஆட்டத்தைக் காணாமலே ஒருவர் வாக்களித்தால் அவ்வாக்கு பொய்யாகிவிடுமா? 'இவரே சிறந்தவர்' என்பது வாக்கின் பொருளென்றால் அது காணாச் சாட்சியம். 'இவரை எனக்குப் பிடிக்கும்' என்பது பொருளென்றால் அதைவிட நேரடியான சாட்சியம் வேறில்லை, ஏனெனில் தன் விருப்பத்துக்குத் தானே ஆப்தன்.

தனித்தனியே நம்பத்தகாதவையும் கூட்டமாகச் சேரும்போது நம்பத்தக்கவையாகலாம் என்னும் எதிர்வாதம் ஒன்றுண்டு. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியொன்றில், ஓர் எருதை அறுத்துச் சீர்செய்தபின் எவ்வளவு எடை தேறும் என்று பார்வையாளர்கள் எழுதிக் கொடுத்த மதிப்பீடுகளை ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன், தெளிவாகப் படிக்கக்கூடிய 787 சீட்டுகளின் நடு மதிப்பு 1,207 பவுண்டு என்றும், மெய்யான எடை 1,198 பவுண்டு என்றும் 1907-ல் வெளியிட்டார். கூட்டத்தின் மதிப்பீடு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பிழைத்திருந்தது. இச்செய்தியைப் பெருமையுடன் எடுத்துக்காட்டுவோர் ஒன்றை விட்டுவிடுகின்றனர்: ஒவ்வொருவரும் ஆறு பென்னி கட்டணம் செலுத்தியே சீட்டு வாங்கினர் என்பதையும், அக்கட்டணம் வேடிக்கைக்காரரை விலக்கியது என்பதையும் கால்டனே குறிப்பிட்டிருந்தார். மேலும் எருதுக்கு எடை உண்டு. எவருடைய விருப்பும் வெறுப்பும் அதனைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டா. 'துணிவு', 'ஈடுபாடு' போன்றவற்றை நிறுக்கும் தராசு இல்லாதபோது, கூட்டம் சரியாகச் சொன்னதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மற்றொரு பக்கம் எதுவுமில்லை.

பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785-ல் வகுத்த தேற்றமும் இவ்வாதத்துக்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது. வாக்காளர் ஒவ்வொருவரும் சரியான விடையைத் தெரிவு செய்யும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்து, அவர்கள் ஒருவரையொருவர் சாராமல் முடிவெடுத்தால், எண்ணிக்கை பெருகப் பெருகப் பெரும்பான்மையின் முடிவு உறுதியான உண்மையை நெருங்கும் என்பது அதன் சாரம். அதே கணக்கு மறுபுறமும் வெட்டும்: வாய்ப்பு பாதிக்குக் கீழே இருந்தால் எண்ணிக்கை பெருகப் பெருகப் பிழையே உறுதியாகும். ஒருவரையொருவர் சாராமை என்னும் நிபந்தனையோ ரசிகர் உலகில் முற்றிலும் அற்றுப்போன ஒன்று. ரசிகர் மன்றம் என்றாலே ஒருவரையொருவர் சார்ந்திருத்தல்தானே. 1957-ல் அமெரிக்க பேஸ்பால் நட்சத்திர ஆட்டத்துக்கு ரசிகர்கள் வாக்களித்தபோது, சின்சினாட்டி நகரத்தார் திரண்டு வாக்களித்ததன் விளைவாக, தேசிய லீகின் தொடக்க அணியில் பந்து வீசுபவர் நீங்கலான எட்டு இடங்களுள் ஏழில் அந்நகர அணியினரே தெரிவாயினர். ஆணையர் ஃபோர்டு ஃப்ரிக் அவர்களுள் இருவரை நீக்கி வில்லி மேஸ், ஹாங்க் ஆரோன் ஆகியோரைச் சேர்த்ததோடு, ரசிகர்களின் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1970 வரை அது திரும்பவில்லை. சின்சினாட்டிக்காரர் எவரும் விதியை மீறவில்லை. தம் ஊரை நேசித்தனர், அவ்வளவே. நேசத்தைக் கேட்டுவிட்டு அறிவை எதிர்பார்த்ததே நிர்வாகத்தின் பிழை என்று கொள்வதற்கு நியாயமுண்டு.

டென்னிஸைப் பொறுத்தவரை இன்னொரு முரணும் இதில் சேர்கிறது. வெறும் எண்ணிக்கையை வெற்றியாக ஏற்றுக்கொள்ளாத ஆட்டம் டென்னிஸ். 2019 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் ரோஜர் ஃபெடரர் 218 புள்ளிகளையும் நோவாக் ஜோகோவிச் 204 புள்ளிகளையும் ஈட்டினர். கோப்பை ஜோகோவிச்சுக்கே சென்றது. புள்ளிகள் கேம்களாகவும், கேம்கள் செட்களாகவும் தொகுக்கப்படுவதால், எத்தனை ஈட்டப்பட்டன என்பதைவிட எவ்விடத்தில் ஈட்டப்பட்டன என்பதே அங்குப் பொருட்படுத்தப்படுகிறது. ஒரு புள்ளி மற்றொரு புள்ளிக்குச் சமமாகாத ஆட்டத்தின் சிறப்பை, ஒரு வாக்கு மற்றொரு வாக்குக்குச் சமம் என்னும் விதியால் அளக்க முற்படுவது விந்தையே.

ஆகவே வாக்கினை அறிவாகக் கொள்ளும் வழி அடைபடுகிறது. எஞ்சுவது, அதனை அன்பின் வெளிப்பாடாகக் கொள்ளும் வழி. சமய மரபுகள் மிகுதியாகச் சிந்தித்திருப்பதும் இதைப் பற்றியே. ஆண்கள் டென்னிஸ் அமைப்பான ஏடிபி வழங்கும் 'ரசிகர்களின் அபிமான வீரர்' விருதை 2003 முதல் 2021 வரை தொடர்ந்து 19 ஆண்டுகள் ஃபெடரரே பெற்றார். அவற்றுள் 2020-ஆம் ஆண்டு தனித்த ஆராய்ச்சிக்குரியது. முழங்கால் அறுவைச் சிகிச்சையின் காரணமாக அவ்வாண்டு அவர் ஆடியது ஆஸ்திரேலிய ஓப்பன் என்னும் ஒரே தொடரில்தான். ஆறு ஆட்டங்கள் ஆடி, அரையிறுதியில் ஜோகோவிச்சிடம் தோற்று வெளியேறியவர், அதன்பின் அவ்வாண்டில் மட்டையைப் போட்டிக்காகத் தொடவில்லை. ஆண்டின் பெரும்பகுதி களத்திலேயே இல்லாத ஒருவரை அவ்வாண்டின் அபிமான வீரராகத் தேர்ந்தெடுத்தது அறிவின் அளவுகோலில் பிதற்றலாகத் தோன்றும். அன்பின் அளவுகோலில் அதில் புதிர் எதுவுமில்லை: கண்ணுக்கு முன் இல்லாதபோது குறைந்துவிடும் அன்பை எந்தப் பக்தி மரபும் அன்பென்று ஏற்றதில்லை. ஃபெடரர் வென்ற விருதின் பெயர் 'சிறந்தவர்' என்று சொல்லாமல் 'அபிமான வீரர்' என்று சொன்னது அவ்வமைப்பின் நேர்மை. சக ஆட்டக்காரர்கள் வாக்களித்து வழங்கும் ஸ்டெஃபான் எட்பர்க் பண்பாளர் விருதையும் அதே ஃபெடரர் 13 முறை பெற்றிருக்கிறார் என்பதால், அன்பும் அறிவும் எப்போதும் எதிரெதிர்த் திசையில்தான் செல்லும் என்று முடிவு கட்டவும் இடமில்லை.

அன்பு வல்லுநரின் தீர்ப்பை வெல்லும் கதை தமிழ்ச் சமய மரபுக்குப் புதிதன்று. ஆகம விதிகளை நன்கறிந்த சிவகோசரியாரின் பூசையையும், விதியறியாத வேடரான திண்ணனார் வாயில் சுமந்து வந்த நீரையும் இறைச்சியையும் அருகருகே வைத்துப் பார்க்கும் சேக்கிழார், வேடரின் பக்கமே தீர்ப்புச் செல்வதைக் காட்டுகிறார். ஆனால் அத்தீர்ப்பு எளிதாகக் கிட்டியதில்லை. இறைவனின் குருதி வழியும் கண்ணுக்கு மாற்றாகத் தன் கண்ணை அகழ்ந்து அப்பிய பின்னரே திண்ணனார் கண்ணப்பர் ஆகிறார். அன்பு தன்னை மெய்ப்பிக்க விலை கொடுக்கிறது. பிளிமத் கண்காட்சியின் ஆறு பென்னி அறிவுக்கு வைக்கப்பட்ட விலை என்றால், கண்ணப்பரின் கண் அன்புக்கு வைக்கப்பட்ட விலை. கைபேசித் திரையில் ஒருமுறை விரலை அழுத்துவதற்கு அறிவின் விலையும் இல்லை, அன்பின் விலையும் இல்லை. இதனால் அவ்வாக்கு பொய்யன்பு என்று பெறப்படாது. மெய்யன்பையும் போகிற போக்கில் எழும் விருப்பத்தையும் வாக்கெண்ணிக்கையால் பிரித்தறிய இயலாது என்பதே பெறப்படுகிறது.

பெரிய புராணத்தின் பூசலார் வரலாறு இவ்விடத்தில் மேலும் நெருக்கமானது. காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் கோயில் எடுக்க, பொருளற்ற பூசலார் திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே அடித்தளம் முதல் சிகரம் வரை ஒரு கோயிலைக் கட்டி முடித்தார். குடமுழுக்கு நாள் இரண்டுக்கும் ஒன்றாக அமைந்தபோது, பூசலார் கோயிலுக்குச் செல்ல வேண்டியிருப்பதால் நாளை மாற்றிக்கொள்ளுமாறு இறைவன் மன்னனின் கனவில் தோன்றிச் சொன்னார். கட்டடக்கலை வல்லுநர் குழு ஒன்றோ மக்கள் வாக்கெடுப்பு ஒன்றோ அவ்விரு கோயில்களையும் மதிப்பிட்டிருந்தால், இரண்டு முறையிலும் காஞ்சியே வென்றிருக்கும் என்பதில் ஐயமில்லை. உள்ளத்தினுள்ளே இருப்பதை உள்ளவாறு காண்பவன் ஒருவன் இருந்தாலன்றி அன்பின் ஆழம் கணக்கில் ஏறாது என்பது அப்புராணம் கொண்டிருக்கும் துணிபு. இருபது ஆண்டுகள் ஒரு வீராங்கனையின் ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடர்ந்தவரின் வாக்கும், நண்பர் சொன்னதற்காகப் பொத்தானை அழுத்தியவரின் வாக்கும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. குடியாட்சித் தேர்தலில் இச்சமன்பாட்டுக்குத் தக்க காரணம் உண்டு, ஏனெனில் ஆளப்படுதல் என்னும் நிலை அனைவருக்கும் பொது. பாராட்டுவதில் அத்தகைய பொதுநிலை எதுவுமில்லை.

இனி, 'மாதம்' என்னும் கால அளவு. பெண்கள் டென்னிஸ் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் ரசிகர் வாக்கின் வழியே மாதந்தோறும் வீராங்கனையைத் தெரிவு செய்யும் வழக்கத்தை மேற்கொண்டதுண்டு. ஆட்டக்காரர்களின் தரவரிசை 52 வாரங்களின் பயனைக் கணக்கிடுவது; பெருந்தொடர் (கிராண்ட் ஸ்லாம்) ஒன்று இரண்டு வாரங்கள் நீள்வது; மாதமோ நாட்காட்டி அச்சிடுவோரின் வசதிக்கான அளவு. ஆஸ்திரேலிய ஓப்பன் நடைபெறும் ஜனவரியும் பெருந்தொடர் எதுவுமற்ற நவம்பரும் ஒரே பட்டத்துக்குரிய சம மாதங்களாகக் கொள்ளப்படுவதைப் பெரிய குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்புக்கு மாதக் கணக்கு தெரியாது என்பதே ஆழமான சிக்கல். வாக்களிப்பவர் மனத்தில் அந்த நான்கு வாரங்கள் மட்டும் தனித்து நிற்பதில்லை; ஹைதராபாத்திலிருந்து புறப்பட்டு, 2015 ஏப்ரலில் இரட்டையர் தரவரிசையின் முதலிடத்தை அடைந்து, ஆறு பெருந்தொடர்ப் பட்டங்களை வென்ற சானியாவின் நீண்ட வாழ்க்கை முழுவதும் சேர்ந்தே நிற்கிறது. அவ்வகையில் ரசிகர் வாக்கு உண்மையில் நன்றியறிதல் என்னும் வகையைச் சேர்ந்தது. நன்றி என்பது தீர்ப்பன்று. பெற்றவர் கொடுத்தவரை நினைவில் வைத்திருத்தல். தீர்ப்பு மறுமுறை ஆராயப்பட்டால் மாறலாம், அவ்வாறு மாறுவதே அதற்கு அழகு. நன்றி மறுமுறை ஆராயப்படுவதை விரும்புவதில்லை. நன்றியைத் தீர்ப்பின் மொழியில் அறிவிக்கும்போதுதான், அதாவது 'சிறந்தவர்' என்று பட்டத்துக்குப் பெயரிடும்போதுதான், களத்தில் நேர்மையாக உழைத்த மற்றொருவருக்கு அநீதி நேர்கிறது.

நன்றி யாருடையது என்பதும் தெளிவுபட வேண்டும். நாட்டின் பெயரால் ஆடும் ஆட்டத்துக்கு அந்நாட்டினர் வாக்களிக்கும்போது, பாராட்டப்படுபவர் ஆட்டக்காரரா, 'நம்மவர்' என்னும் சொல்லில் அடங்கியிருக்கும் 'நாம்' என்பதா? அப்போது 138 கோடி மக்களைக் கொண்டிருந்த நாட்டிலிருந்து ஒருவர் பெற்ற பதினாயிரத்துச் சொச்சம் வாக்குகளை 'நாட்டின் அன்பு' என்று குறிப்பது எண்ணிக்கை அளவில் மிகைப்படுத்தல். எனினும் பேசாதிருப்போர் பெயராலும் பேசும் வழக்கம் வழிபாட்டிலும் உண்டு என்பது நினைவுகூரத்தக்கது. ஊர்த் திருவிழாவில் தேர் வடம் பிடிப்போர் சிலராயினும் இழுப்பது ஊர் என்றே கூறப்படுகிறது. வடம் பிடிக்காதோர் அதனை மறுத்துச் சொல்லாதவரை அக்கூற்று செல்லும்.

பெறுபவரின் பக்கமிருந்து நோக்கினால் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. மதிப்பு என்பது அதைப் பெறுபவரைவிடக் கொடுப்பவரையே மிகுதியாகச் சார்ந்திருப்பதால், அது வாழ்வின் மேலான நன்மையாக இருக்க முடியாது என்று அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் முதற் பகுதியில் வாதிட்டார். தாம் நல்லவர் என்று உறுதி பெறுவதற்காகவே மனிதர் மதிப்பை நாடுகின்றனர் என்றும், ஆகையால் அறிவுடையோரிடமிருந்தும் தம்மை அறிந்தோரிடமிருந்தும் அதைப் பெற விழைகின்றனர் என்றும் அவர் கருதினார். ஆடம் ஸ்மித் 1759-ல் வெளியிட்ட ஒழுக்க உணர்வுகள் பற்றிய நூலில் இதனை மேலும் நுட்பமாகப் பிரித்தார்: புகழப்படுவதற்கான விருப்பம் ஒன்று, புகழுக்குத் தகுதியுடையவராக இருப்பதற்கான விருப்பம் மற்றொன்று, தான் செய்யாததற்காகப் பெறும் புகழில் மனச்சான்றுடையவருக்கு இன்பமில்லை என்பது அவர் கண்ட முடிவு. திருவள்ளுவரின் அதிகார அடைவும் இவ்விடத்தில் சிந்தனைக்குரியது. இல்லறவியலின் இறுதியில் நிற்கும் 'புகழ்' என்னும் 24-ஆம் அதிகாரம், 'ஈகை' என்னும் 23-ஆம் அதிகாரத்தை அடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஈதலின் பயனாகப் புகழ் வருவது பற்றி இவ்வடைவு என்று உரையாசிரியர்கள் இயைபு கூறுவர். புகழைப் பெறுதல் என்னும் நிகழ்ச்சி அங்குத் தனித்து நிற்கவில்லை, கொடுத்தல் என்னும் செயலோடு தொடுக்கப்பட்டிருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் தமக்குக் கிட்டிய 2,000 டாலர் பரிசுத் தொகையைச் சானியா தெலங்கானா முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு அளித்ததும், விருதை நாட்டுக்கும் ரசிகர்களுக்கும் காணிக்கையாக்கியதும், அந்தத் தொடர்ச்சியை அறிந்தோ அறியாமலோ பின்பற்றின. விலையின்றி வந்த வாக்குக்கு வேறொருவர் அங்கு விலை கொடுத்தார் எனலாம்.

புகழ் கிட்டாதவரின் மனநிலைக்கும் ஒரு சான்று உண்டு. மேற்சொன்ன 2019 இறுதியாட்டத்தில் அரங்கம் முழுவதும் ஃபெடரரின் பெயரை முழங்கியபோது, அதைத் தன் பெயராகவே செவியில் மாற்றிக் கேட்டுக்கொள்ள முயன்றதாக ஜோகோவிச் ஆட்டத்தின் பின் தெரிவித்தார். ஐந்தாம் செட்டில் தோல்விக்கு ஒரே புள்ளி தொலைவில் இருமுறை நின்று மீண்டவர் அவர். உலகின் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் தன்னைத் தீண்டாதவாறு பழகுதல் துறவியரின் பயிற்சி. பிறர்க்குரிய புகழ்ச்சியைத் தனக்குரியதாக உள்வாங்கிக்கொள்வது எந்தச் சமயமும் வகுக்காத, விளையாட்டரங்குக்கே உரிய ஒரு பயிற்சி. இதனைப் பற்றின்மை என்பதா, பற்றின் உச்சம் என்பதா என்பது எளிதில் முடிவு கட்டக் கூடியதன்று.

அறிவுக்கும் அன்புக்கும் இடையிலான பூசலை நிறுவனங்கள் எவ்வாறு சமன்செய்ய முயல்கின்றன என்பதற்கு, அமெரிக்காவின் நியூபோர்ட் நகரிலுள்ள பன்னாட்டு டென்னிஸ் புகழரங்கம் வகுத்த ஏற்பாடு சுவையான எடுத்துக்காட்டு. அங்கு இடம்பெற வாக்குரிமையுள்ள குழுவினரின் 75 விழுக்காட்டு ஆதரவு வேண்டும். அத்துடன் ரசிகர் வாக்கெடுப்பில் முதலிடம் பெறுபவருக்கு 3, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 1 என்ற அளவில் விழுக்காட்டுப் புள்ளிகள் கூட்டப்படுகின்றன. உலகெங்கிலும் உள்ள ரசிகர்களின் அன்பு முழுவதற்கும் உயர்ந்தபட்ச மதிப்பு மூன்று விழுக்காடு என்பது நகைப்புக்கு இடமளித்தாலும், அன்பினால் மட்டும் எவரும் உள்ளே நுழைய முடியாது, ஆனால் வாசற்படியில் நிற்பவரை அன்பு உள்ளே தள்ளிவிட முடியும் என்னும் ஏற்பாட்டில் ஒரு தெளிவு இருக்கிறது. யூதிப்ரோ அளிக்கத் தவறிய விடையை ஒரு விதிமுறைக் குழு பின்னக் கணக்காக மாற்றி அளித்துவிட்டது. 'மூன்று ஏன், ஐந்து ஏன் ஆகாது' என்று சாக்ரடீஸ் கேட்டிருப்பார். அதற்கு அக்குழுவிடம் விடை இருக்குமென்று தோன்றவில்லை.

மேற்கண்டவாறு ரசிகர் வாக்கினை நன்றியறிதலாகக் கொள்ளும் விளக்கம் சானியாவுக்கும் ஃபெடரருக்கும் பொருந்தினாலும், அதே வாக்குச்சீட்டில் இருந்த மற்றொரு பெயருக்கு அது முழுமையாகப் பொருந்தாது. நுக்ரோஹோவுக்கு அப்போது 16 வயது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2020 ஜனவரியில், பிலிப்பைன்ஸின் அலெக்ஸ் ஈலாவோடு சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பன் இளையோர் இரட்டையர் பட்டத்தை வென்றது தவிர, ரசிகர்கள் நன்றி பாராட்டுவதற்கான நெடிய கடந்தகாலம் எதுவும் அவருக்கு இல்லை. அவருக்கு வாக்களித்தோர் பெற்றுக்கொண்ட ஒன்றுக்குக் கைம்மாறு செய்யவில்லை; இன்னும் நிகழாத ஒன்றின்மீது விருப்பத்தை முன்கூட்டியே வைத்தனர். கண்டதற்குச் சான்று கூறுவது காட்சி, பெற்றதற்கு உருகுவது நன்றி. காணாததன்மீதும் பெறாததன்மீதும் வைக்கப்படும் இம்மூன்றாவதற்குச் சமய மொழியில் விசுவாசம் என்று பெயர். ஒற்றையரிலும் இரட்டையரிலும் வென்றும் பட்டியலில் இடம்பெறாத அங்கிதாவின் பெயருக்கு நேரே, இம்மூன்றில் எதையும் பதிவு செய்வதற்கான கட்டம் அந்த வாக்குச்சீட்டில் இருக்கவில்லை.